மறுமொழி: பூக்குடலையா, பூச்சாடியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பீங்கான் கலங்களின் கண்காட்சிக்கு விளக்கக் குறிப்புகளைத் தமிழாக்கிவரும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல்தான்: கொய்த மலர்களைக் காம்போடு நீரில் நிறுத்திவைக்கும், கழுத்துக் குறுகிய கலத்துக்கு என்ன பெயர்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய அவருடைய தாளை மறந்துவிட்டு, நாம் 'குட' என்னும் அடியைத் தோண்டியபடி குடல், குடை, குடந்தை வரை போய்விட்டோம்.

குடலையை முன்மொழிந்த ஐயாவின் வேர்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. வளைவும் உட்குழிவும் கருதிக் குடம், குடுவை, குடுக்கை, குடலை ஆகியவற்றை ஓரினமாகக் கொள்வது பொருந்தும். ஆனால் குடலை ஓலையால் முடைவது. நந்தவனத்தில் பறித்த பூவைச் சன்னிதிக்குக் கொண்டுசெல்வது. கருவூரில் சிவகாமியாண்டார் என்ற அடியவரிடமிருந்து பட்டத்து யானை பறித்துச் சிந்தி, எறிபத்த நாயனார் மழுவெடுக்கக் காரணமானதும் இத்தகைய பூக்கூடைதான். தொண்டரடிப்பொடியாழ்வார் 'துளவமும் கூடையும் பொலிந்து தோன்றிய தோள்' என்று தம்மைக் குறித்துக்கொள்வதும் இதை வைத்தே. அதில் ஒரு செம்பு நீரை ஊற்றினால் தரைதான் நனையும்.

இன்னொருவர் முன்மொழிந்த 'மலர்த்தாழி' காதுக்கு இனிமைதான். எனினும் புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்தவள் தனக்கும் சேர்த்து அகலமாக வனையுமாறு குயவனிடம் வேண்டுவது, இறந்தவரை இட்டுப் புதைக்கும் ஈமத்தாழியையே. படித்தவர்க்கு அந்த நினைவு வராமல் இருக்காது. 'மலர்க்குடுவை' என்றால் பள்ளி மாணவர்க்குக் கூம்புக்குடுவையும் அமிலமும் நினைவுக்கு வரும். 'பூச்சட்டி' என்றாலோ, அம்மன் நோன்பில் ஏந்தும் தீச்சட்டியா, தீபாவளி வாணமா என்ற குழப்பம். கொங்கு நாட்டில் நெருப்பேந்துவதைப் 'பூவோடு எடுத்தல்' என்கிறார்கள். நெருப்பைப் பூவென்று சொல்லும் இந்த மங்கல வழக்கு தனி இழைக்கு உரியது, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

எஞ்சுவது பூச்சாடி. இதன் மீதுள்ள ஒரே குற்றச்சாட்டு, 'ஜாடி' அயற்சொல் என்பது. ஊறுகாய் ஜாடி என்று கிரந்த எழுத்திட்டு எழுதிப் பழகியதால் வந்த ஐயம் இது. நற்றிணை 295இல் ஔவையார் 'கலிமடைக் கள்ளின் சாடி அன்ன எம் இளநலம்' என்கிறார். ஐரோப்பியக் கப்பல்கள் இங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சாடி நம்மிடம் இருந்திருக்கிறது. இதற்கு மறுப்பும் அதே பாட்டில்தான் இருக்கிறது என்பதை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கள்ளைச் சொல்லும் இடம், வேறு பல நாடுகளிலிருந்து காற்றுத் தர வந்த நாவாய்கள் தோன்றும் பெருந்துறை. சாடியும் அந்த நாவாய்களில் ஒன்றில் வந்திறங்கியிருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் என்னால் முற்றாக மறுக்க இயலாது. ஆனால் சங்கப் புலவர் கையாண்ட சொல்லை இன்று தூய்மையின் பெயரால் வெளியேற்றுவது எனக்கு ஏற்புடையதன்று.

பூச்சாடியா, பூஞ்சாடியா என்று நேற்றிரவு முழுவதும் நடந்த சண்டை தேவையற்றது. 'பூப்பெயர் முன் இனமென்மையும் தோன்றும்' என்ற நன்னூல் நூற்பாவில், 'மென்மையும்' என்பதிலுள்ள உம்மையே வல்லினம், மெல்லினம் இரண்டுக்கும் இடம் தருகிறது. பேச்சில் வழங்குவது வல்லினம் மிக்க வடிவம் என்பதால் அதையே நான் தேர்வேன்.

இலங்கை நண்பர் எழுப்பிய தடைதான் உண்மையில் வலுவானது. அங்கே பூச்சாடி என்பது மண்ணிட்டுச் செடி வளர்ப்பதையும் குறிக்கிறது. இங்கே அதைப் பூந்தொட்டி என்கிறோம். குறிப்பின் பக்கத்திலேயே கலம் நிற்கப்போவதால் இந்தக் கண்காட்சியில் குழப்பம் நேராது. அகராதியில் சேர்க்கும்போது இரு பொருளையும் எண்ணிட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர், சிலர் களைப்பினாலேனும், பூச்சாடிக்கு இசைந்திருக்கிறார்கள். தாழியை முன்மொழிந்தவர் இசையவில்லை. தாழியில் வளர்ந்த குவளைப் பூவைச் சொல்லும் 'தாழிக் குவளை' என்ற அகநானூற்றுத் தொடர் இருக்கையில் ஈமத்தை மட்டும் ஏன் நினைக்க வேண்டும் என்று அவர் கேட்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. வியாழன் மாலைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால், மொழிபெயர்ப்பாளர் பூச்சாடி என்றே அனுப்பிவிடலாம்.

அன்புடன்.