எதிரிக்கு அது எப்படித் தெரியும்? காப்ளின் சண்டையில் மாட்டிக்கொண்ட டிஎம்

அஞ்சுரோடு டிஎம்:
அஸ்தம்பட்டியில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம். 2014 விதிகள், எல்லோரும் ஐந்தாம் லெவல், நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தி எதிரிகளையும் ஆடுகிறவன். போன வாரச் சண்டை பலகையைத் தாண்டி எங்களுக்குள்ளேயே வந்துவிட்டது.

காப்ளின் (குட்டி அரக்கன்) ஒன்று தம்பி ஆடும் விசார்டு (மந்திரவாதி) மேல் அம்பு விட்டது. பகடையில் மொத்தம் 17, விசார்டின் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 13. பட்டுவிட்டது என்றேன். தம்பி உடனே ஷீல்டு என்ற தடுப்பு மந்திரம் போட்டான், ஏசி 18 ஆனது, தப்பித்தான். மீதி நான்கு காப்ளினையும் அப்படியே கிளெரிக் (பூசாரி) பக்கம் திருப்பினேன். முணுமுணுத்தார்கள். அடுத்து எதிரி மந்திரவாதியை விசார்டிடமிருந்து 13 கட்டம் தள்ளி நிறுத்தினேன். கட்டத்துக்கு ஐந்து அடி, ஆக 65. பிறர் மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல் 60 அடிக்கு மேல் எட்டாது. அங்கிருந்து ஃபயர்பால், நெருப்புக் குண்டு மந்திரம்.

“அண்ணா, நான் இதுவரைக்கும் கவுன்டர்ஸ்பெல் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?” என்றான் தம்பி. என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, வாங்கப் போனவன் தட்டு வடை செட்டோடு வந்துவிட்டான்.

எதிரிக்கு எவ்வளவு தெரிந்திருக்கலாம்? ஒன்றும் தெரியாதவன்போல் ஆட வைத்தால் சண்டை சப்பென்று போகிறது.

பழைய பகடை:
13 கட்டம் எண்ணியது அந்த மந்திரவாதி இல்லை, நீங்கள். தம்பி கேட்டது நியாயம்.

ஷீல்டு கதை வேறு. அந்தத் தடுப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விசார்டு வாய்விட்டு மந்திரம் சொல்வதும் கையை அசைப்பதும் தெரியும். அம்பு ஆளைத் தொடாமல் நின்றதும் தெரியும். ஏசி 5 கூடியிருக்கிறது, அவனுடைய அடுத்த முறை தொடங்கும்போது போய்விடும் என்பதெல்லாம் காப்ளினுக்கு எட்டாது. பார்த்த இரண்டு பேர் வேறு ஆளைத் தேடினால் சரி. பாறைக்குப் பின்னால் இருந்தவனும் திரும்பினால், உங்கள் மூளை அவன் தலைக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

ஈரச்சட்டை:
ஃபயர்பால் போடுகிறவனுக்கு கவுன்டர்ஸ்பெல் என்று ஒன்று இருப்பது தெரியாதா? இரண்டுமே மூன்றாம் லெவல் மந்திரம். தள்ளி நிற்பது அவனுக்குத் தொழில் பழக்கம். நான் டிஎம் கட்சி.

பழைய பகடை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. அந்த மந்திரமே இல்லாத விசார்டு வந்திருந்தாலும் 65 அடியில்தான் நிறுத்தியிருப்பாரா? ஆம் என்றால் பழக்கம். இல்லை என்றால் அவர் தம்பியின் கேரக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் விவரத் தாளை, எட்டிப் பார்த்திருக்கிறார்.

ஈரச்சட்டை:
சரி, அது சரியான கொக்கி.

என் பெயர்க் காரணத்தைச் சொல்கிறேன். ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். குரங்கு வந்து கவரைப் பிடுங்கியது. உள்ளே என் ஈரச்சட்டை. முகர்ந்து பார்த்து வீசிவிட்டது. கவர் சலசலத்தால் தீனி, அவ்வளவுதான் அதன் கணக்கு. நான் கல் எடுப்பதுபோல் குனிந்தேன், கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் ஓடிவிட்டது. காப்ளினையும் அப்படி ஆட வையுங்கள். தப்பாகப் புரிந்துகொள்ளவும் அதற்கு உரிமை உண்டு.

ஆனால் மக்காக்க வேண்டாம். காப்ளினின் இன்டெலிஜென்ஸ் (அறிவு) 10, நம்மூர்ச் சராசரி ஆள் அளவு. விஸ்டம் (விவேகம்) தான் 8. ஓநாய்க்கு இன்டெலிஜென்ஸ் 3, அது கூட்டத்தில் பின்தங்கியவனைத்தான் பிடிக்கும். மூளை தின்னும் மைண்ட் ஃப்ளேயருக்கு 19, அதனிடம் கொஞ்சம் ஏமாற்றி ஆடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அஞ்சுரோடு டிஎம்:
போட்டது என்ன மந்திரம் என்று காப்ளின் கண்டுபிடிக்கவே முடியாதா?

பழைய பகடை:
2017இல் வந்த சனாதர் என்ற கூடுதல் விதிப் புத்தகத்தில் விதி இருக்கிறது. ரியாக்‌ஷனைச் செலவழித்து ஆர்கானா (மந்திர அறிவு) பகடை உருட்ட வேண்டும், 15-உடன் மந்திரத்தின் லெவலைக் கூட்டிய எண் வேண்டும். ஷீல்டுக்கு 16. காப்ளினுக்குக் கூட்ட ஒன்றும் இல்லை, டி20 என்ற இருபது முகப் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், நான்கில் ஒரு வாய்ப்பு.

இது உங்களையும் கட்டும். “ஃபயர்பால் போடுகிறான்” என்று சொல்லாதீர்கள். “ஏதோ மந்திரம் சொல்கிறான்” என்று நிறுத்துங்கள். தம்பி கவுன்டர்ஸ்பெல்லைச் செலவழிப்பதா என்று தவிக்கட்டும்.

அஞ்சுரோடு டிஎம்:
இந்த ஞாயிறு செய்து பார்த்தேன். சண்டைக்கு முன்னாலேயே எதிரிகளுக்குத் தெரிந்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தம்பி கண்ணெதிரே டம்ளருக்கு அடியில் வைத்தேன். மூன்றே வரி. கடைசியில் அவனிடம் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போட மிச்சமிருக்கும் வாய்ப்பு) ஒன்றுகூட இல்லை. சும்மா கையைத் தூக்கி ஏதோ உளறினான். அவனுடைய டிசெப்ஷன் (ஏமாற்றும் திறன்) பகடை 14, காப்ளினின் இன்சைட் (பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன்) 6. பாறைக்குப் பின்னால் குப்புற விழுந்தது! ஆனால் ஒன்று தப்பி ஓடிவிட்டது. அது போய்த் தன் கூட்டத்திடம் என்ன சொல்லும்?

பழைய பகடை:
தான் ஓடி வந்ததை மறைக்கப் பொய்தான் சொல்லும். நீங்கள் ஐந்து பேர், அது ஐம்பது என்று சொல்லும். அடுத்த சீட்டில் அதை எழுதுங்கள்.