நீதிமன்றச் சுவரில் கையுறை விளம்பரம்

சிட்னி நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். டவுனிங் சென்டர் என்ற நீதிமன்ற வளாகத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். லிவர்பூல் தெரு மூலையில் வெள்ளைப் பளபளப்புச் செங்கல் பதித்த பெரிய கட்டடம். உள்ளே ஜாமீனும் அபராதமுமாக நாள் ஓடும். வெளிச்சுவரிலோ பட்டு, லேஸ், கையுறை என்று ஆங்கிலத்தில் பொறித்த பெயர்கள்!

ஒருநாள் வழக்கு கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. பேரன் வழக்குக்குத் துணையாக வந்தவர். "எனக்கு முதல் கையுறை வாங்கினது இந்தக் கட்டடத்துலதான்" என்று அவராகவே ஆரம்பித்தார். ஊரிலிருந்து அம்மாவோடு ரயிலில் வருவாராம். 'டவுனுக்குப் போறோம்' என்றால் தொப்பியும் கையுறையும் இல்லாமல் கிளம்ப முடியாது. பெரிய கடைகளில் பில் போடும் பெண் பணத்தைச் சின்ன உருளைக்குள் வைத்துச் சுவர்க்குழாயில் போடுவாள். காற்று அதைக் காசாளரிடம் இழுத்துக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் மீதிச் சில்லறை 'டப்'பென்று வந்து விழும். அந்தச் சத்தத்தைக் கையைத் தட்டியே காட்டினார். அதற்குள் என் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் கேட்டிருக்கலாமே என்ற ஏக்கம் போகவில்லை.

பாட்டி சொன்னது, முன்பு இந்தக் கட்டடத்தில் இருந்த மார்க் ஃபாய்ஸ் கடை. ஃபாய் சகோதரர்கள் 1885-இல் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் தொடங்கி, அப்பாவின் பெயரை வைத்தார்கள். 1908-இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். சிட்னி முதன்முதலில் எஸ்கலேட்டர் பார்த்தது இங்கேதான். 1991-இலிருந்து நீதிமன்றம்.

இங்கிருந்து நடக்கும் தூரத்தில், ஜார்ஜ் தெருவில், அந்தோனி ஹார்டர்ன்ஸ் என்ற இன்னொரு பெரிய கடை இருந்தது. 1901 தீ விபத்துக்குப் பின் 1905-இல் எழுப்பிய மாளிகை. ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய கடைகளில் ஒன்று. அதை 1986-இல் இடித்தார்கள். நெடுங்காலம் வெறும் பள்ளமாகக் கிடந்து, பிறகு அங்கே வேர்ல்ட் ஸ்கொயர் என்ற வளாகம் வந்தது.

அதே 1986-இல்தான் குவீன் விக்டோரியா பில்டிங் புதுப்பித்துத் திறக்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. 1898-இல் சந்தையாகக் கட்டியது அது. பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாமல் நின்ற கல்தச்சர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்றே அவ்வளவு வேலைப்பாடு வைத்தார்களாம். 1950-களின் கடைசியில் அதையும் இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று பேச்சு எழுந்தது. காப்பாற்றியது மக்களின் எதிர்ப்பும், 99 வருடக் குத்தகைக்கு எடுத்துப் பணம் போட்ட இபோ கார்டன் என்ற மலேசிய நிறுவனமும். ஹார்டர்ன்ஸுக்கு அப்படி யாரும் வரவில்லை.

நகர நடுவில் இருந்த இந்தப் பெரிய கடைகளை ஆட்டம் காண வைத்தது கார்தான். 1957-இல் பிரிஸ்பேன் செர்ம்சைடில் கார் நிறுத்த இடம்விட்டுக் கட்டிய வணிக வளாகம் திறந்தது. அதே வருடம் சிட்னியில் டாப் ரைட், 1965-இல் ரோஸ்லாண்ட்ஸ். வீட்டுப் பக்கத்திலேயே எல்லாம் கிடைக்கும்போது தொப்பி போட்டுக்கொண்டு யார் ரயில் ஏறுவார்கள்?

சிட்னி வந்தால் மியூசியம் ஸ்டேஷனில் இறங்கி, அந்தச் சுவர் எழுத்துகளை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மெல்பேர்ன்காரர்கள் யாராவது மையர் கடையின் கிறிஸ்துமஸ் ஜன்னல் அலங்காரத்தைப் பற்றி எழுதுங்களேன். 1956-இலிருந்து நடக்கிறது, நான் இன்னும் போனதில்லை.