பழைய ஸ்மோக் ஹவுஸ் சுவரில் பூச்சு நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

சிப்புட்வாசி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கித்தா (ரப்பர்) ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்திய பழைய ஸ்மோக் ஹவுஸைப் படிப்பகமாக்கப் போகிறோம். செங்கல் சுவரில் பிற்காலத்தில் அடித்த சிமெண்டுப் பூச்சு, தரையிலிருந்து மூன்றடிவரை உப்பிக் கழன்று விழுகிறது. உள்ளே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் பழுப்புக் கறை மேலே வந்துவிடுகிறது. கூரை முகட்டுத் திறப்பை மூடிவிடலாம் என்கிறார்கள் சிலர். இங்கிலாந்தில் கென்ட் பக்கம், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவை உலர்த்திய ஓஸ்ட் ஹவுஸ்களை வீடாகவே மாற்றியிருக்கிறார்களே, அங்கே எப்படிச் செய்கிறார்கள்?

காரைக்கரண்டி:
தம்பி, மறுபடி சிமெண்டு வேண்டாம். பழைய செங்கல் மண் ஈரத்தை உறிஞ்சும். அது சுவர் முகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிமெண்டு மறித்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்துத் தள்ளும். இங்கிலாந்தின் பழைய களஞ்சியங்களிலும் சிமெண்டு வைத்துப் பழுது பார்த்த இடங்களில் இதே கேடுதான். செங்கல் முகமே உதிர்ந்திருக்கிறது. இப்போது அங்கே சுண்ணாம்புக்கே திரும்பிவிட்டார்கள்.

உளி, சுத்தியலால் மட்டும் பெயர்க்கவும். கிரைண்டர் செங்கல் விளிம்பை அறுத்துவிடும். பூச்சோடு செங்கல் தோலும் வந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். இணைப்புகளை 20-25 மி.மீ. ஆழம் சுரண்டி, நனைத்து, சுண்ணாம்புக் கூழ் 1 பங்குக்குச் சொரசொரப்பான மணல் 3 பங்கு கலந்து அடைக்கவும். கடையில் நாள்பட்டுக் கிடந்த சுண்ணாம்புத் தூள் காற்றுப்பட்டுச் செத்திருக்கும், பிடிக்காது. கையுறை கட்டாயம். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமல் பாருங்கள். நம்ம வெயிலில் ஒரே நாளில் காய்ந்தால் விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும்.

முகட்டுக்காரர்:
முகட்டை மூடவே கூடாது. ஓஸ்ட் ஹவுஸில் கீழே அடுப்பு, மேலே இடைவெளி விட்ட பலகைத் தளத்தில் குதிரைமயிர்த் துணி, அதன்மேல் ஹாப்ஸ். சூடான காற்று உச்சியிலுள்ள வெள்ளைக் கூம்பு வழியாகப் போகும். காற்றடிக்கும் திசைக்கு முதுகு காட்டும்படி அந்தக் கூம்பு தானே திரும்பும். வட்டமாகக் கட்டினால் சூடு சீராகப் பரவும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்பினார்கள். பிறகு சதுரமும் அதே வேலையைச் செய்யும் என்று தெரிந்து, செலவு குறைவு என்பதால் சதுரத்துக்கே போனார்கள். வடிவம் எப்படியிருந்தாலும் காற்று இழுப்புதான் முக்கியம். நம்ம முகட்டுத் திறப்புக்கும் அதே வேலை. அடைத்தால் இரவில் தகரத்தின் அடியில் நீர் கோத்துப் புத்தகத்தின்மேல் சொட்டும். வௌவால் வராமல் வலை, சாரல் அடிக்காமல் சாய்பலகை, அது போதும்.

கறை விறகுப் புகையின் தார். ஈரமான பெயிண்ட் அதைக் கரைத்து மேலே இழுக்கிறது. ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடித்தால் கறை நிற்கும், ஆனால் சுவரையும் அடைத்துவிடும். மரத்துக்கு மட்டும் அடிக்கலாம். செங்கல்லில் முகமூடி போட்டுக் கரியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கறுப்பாகவே விடுங்கள்.

சிப்புட்வாசி:
வெளியே மண் உள்தரையைவிட ஓரடி உயர்ந்து கிடக்கிறது, அண்ணே.

காரைக்கரண்டி:
அப்படியானால் முதல் வேலை மண்வெட்டிக்குத்தான். அஸ்திவாரத்தைத் தோண்டாமல் மண்ணை உள்தரைக்குக் கீழே இறக்கி, தண்ணீர் சுவரைவிட்டு ஓடும்படி சரிவு வையுங்கள். சில மாதம் சுவர் காயட்டும், அப்புறம் சுண்ணாம்பு வாங்கலாம்.