பக்கத்து வீட்டில் செட்பேக் (மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவில் விட வேண்டிய காலியிடம்) விடவில்லை போலிருக்கிறது, புகார் கொடுக்கலாமா?

கிணத்தடி:
கோவையை ஒட்டிய ஒரு லேஅவுட்டில் இருக்கிறேன். பக்கத்து மனையில் வீடு எழும்புகிறது. கீழே எங்கள் காம்பவுண்டுக்கும் அவர்கள் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவு சந்து விட்டிருக்கிறார்கள். மேலே முதல் மாடிக்குச் சென்ட்டிரிங் அடித்ததில் பலகை எங்கள் காம்பவுண்டு வரை வந்து நிற்கிறது. எங்கள் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். மேஸ்திரியைக் கேட்டால் "ஓனர்கிட்ட பேசிக்குங்க" என்கிறார். ஓனர் வெளிநாட்டில். அவருடைய மாமனார்தான் வேலையைப் பார்க்கிறார், தங்கமான மனிதர். என்ன செய்வது?

வரப்போரம்:
விடுங்கள். ராத்திரி நெஞ்சு வலித்தால் கார் எடுக்கப்போவது அந்த வீட்டுப் பையன்தான், நகராட்சி இல்லை. ஊரில் எந்த வீடு பிளான்படி நிற்கிறது? எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் மனு கொடுத்தார். அளக்க வந்தவர், வந்த கையோடு இவர் வீட்டிலும் டேப்பைப் பிடித்தார். வெளிப்பக்கம் வைத்த மாடிப்படி செட்பேக்கில் வருகிறதாம். இரண்டு பேருக்கும் நோட்டீஸ். உங்கள் வீட்டை முதலில் சுற்றிப் பாருங்கள்.

சதுரடி:
வரப்போரம் அண்ணே, அவர் படியும் தப்பு என்பதால் இவர் ஸ்லாப் சரியாகிவிடுமா?

கிணத்தடி, கொடுப்பதானால் கான்கிரீட் போடுவதற்கு முன் கொடுங்கள். பலகையைக் கழற்றுவது லேசு. போட்ட ஸ்லாபை உடைக்க ஒருவரும் வரமாட்டார்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பலகையில் வரப்போவது என்ன என்று தெரியாமல் ஓடாதீர்கள். பக்கத்தில் எவ்வளவு விட வேண்டும் என்பது 2019 கட்டட விதிகளில் மனை, உயரத்தைப் பொறுத்து மாறும். தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்த இடமாக இருந்தால் பக்க இடைவெளியே தேவையில்லை. சன்ஷேடு என்றால் ஓரளவு நீட்டலாம். பலகை மேல் கம்பி கட்டியிருப்பார்களே, அதைப் பாருங்கள். ஸ்லாப் கம்பி அப்படியே நீண்டு வந்து ஓரத்தில் பீமும் கட்டியிருந்தால் அது சன்ஷேடு இல்லை, மேலே ரூம் வரப்போகிறது.

வரப்போரம்:
பிளான் யார் கையில் இருக்கிறது? ஆர்.டி.ஐ போட்டால் பதிலுக்கு 30 நாள். அதற்குள் ஸ்லாப் காய்ந்து டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். மூன்றாம் நபர் விவரம் என்று இழுக்கவும் இழுப்பார்கள். 2024-இலிருந்து 2,500 சதுரடி மனையில் 3,500 சதுரடி வீடு வரை சுயசான்று போட்டு ஆன்லைனில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டி வந்து பார்ப்பாரில்லை.

சதுரடி:
யாரும் பார்ப்பதில்லை என்பதால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 ரூபாய் ஆர்.டி.ஐ ஒரு பக்கம் போகட்டும், மனுவையும் அன்றைக்கே கொடுங்கள்.

கோர்ட்டு_வாசல்:
ஜன்னல் வெளிச்சத்தை நம்பி வழக்குப் போடாதீர்கள். 1882 வசதியுரிமைச் சட்டப்படி, காலத்தால் அந்த உரிமை வர 20 ஆண்டு இடையூறில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். புது வீட்டுக்கு அது பேசாது. பலகை உங்கள் எல்லையைத் தாண்டினால் கதையே வேறு, அது ஆக்கிரமிப்பு. காம்பவுண்டை வைத்து எல்லை சொல்லாதீர்கள், சுவர் யார் மண்ணில் நிற்கிறதோ! எல்லையை அளக்கக் கேட்கும் எஃப் லைன் மனு போட்டு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அப்புறம், காலம் கடந்துவிட்டது, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதெல்லாம் விதிமீறலை நியாயப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

வரப்போரம்:
கோர்ட்டு சொல்லும். 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியதை வரன்முறைப்படுத்த அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்று பிரிவு போட்டது யார்? அரசாங்கம்தானே. பணம் கட்டினவன் தப்பித்தான், பயந்து இடம் விட்டவன் ஏமாந்தான்.

ஈரச்சுவர்:
வெளிச்சம், காற்று என்றே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்து வீடு ஒட்டிக் கட்டியது. வெளிப்பூச்சுக்குச் சாரம் கட்ட இடமில்லாமல் செங்கல்லாகவே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தச் சுவர் தண்ணீரைக் குடித்து உள்ளே அவர்கள் பெயிண்டு உரிகிறது. பூச வேண்டுமென்றால் எங்கள் மாடியில் ஏற வேண்டும், வருஷா வருஷம் அதற்கொரு சண்டை. இடம் விடாததில் அவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சட்டத்தைவிட இது சீக்கிரம் ஏறும்.

கிணத்தடி:
மாடியில் ஏறிப் பார்த்தேன். கம்பி நீண்டுதான் வந்திருக்கிறது, ஓரத்தில் பீமும் இருக்கிறது. மாமனாரோ "சன்ஷேடுதானுங்க" என்கிறார். வெள்ளிக்கிழமை கான்கிரீட்டாம். மருமகனிடம் போனில் பேசித் தரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை காலைக்குள் பேசவில்லை என்றால் போட்டோவோடு நகரமைப்புப் பிரிவுக்குப் போகிறேன். பெயர் இல்லாமல் கொடுக்கலாமா?

கோர்ட்டு_வாசல்:
மொட்டைக் கடுதாசி குப்பைக்குப் போகும். பெயர் போட்டு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

வரப்போரம்:
சந்தில் ஜன்னல் வைத்திருப்பது நீங்கள் ஒருவர்தான், மொட்டையாகப் போட்டால் மட்டும் தெரியாதா என்ன? போகத்தான் போகிறீர்கள் என்றால் மாமனாரிடம் "நாளைக்கு மனு கொடுக்கப் போறேனுங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் செட்பேக் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லையே?