ஆல்ஃபா-ஜி: எதிர் ஹைட்ரஜனைக் கீழே இழுத்தது ஈர்ப்பா, காந்தமா?

கேள்வி:
செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா-ஜி சோதனை முடிவை (2023) படித்தேன்: எதிர் ஹைட்ரஜன் (எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த எதிர்ப்பொருள் அணு) ஈர்ப்பால் கீழே விழுகிறது என்கிறார்கள். அணுக்களை அடைத்துவைக்கும் காந்தப் பொறியின் ஆழம், வெப்பநிலை அலகில் சொன்னால், சுமார் 0.5 கெல்வின். மேல், கீழ் முனைச் சுருள்களுக்கு இடையே 25.6 செ.மீ. அந்த உயரத்துக்கு ஈர்ப்பு ஆற்றல் mgh போட்டால் 0.3 மில்லிகெல்வின்தான் வருகிறது, ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு எப்படி ஈர்ப்புதான் என்று அடித்துச் சொல்கிறார்கள்?

பதில் 1:
மொத்த ஆழத்தோடு ஒப்பிடாதீர்கள். பொறியைச் சட்டென்று திறப்பதில்லை. இரு முனைச் சுருள்களின் மின்னோட்டத்தையும் 20 நொடியில் மெல்ல இறக்குகிறார்கள். சுவர் தாழத் தாழ, எந்தப் பக்கம் முதலில் தாண்ட முடிகிறதோ அந்தப் பக்கமாக அணு போய்விடும். ஆகவே முடிவு செய்வது இரு சுவர்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அந்த 25.6 செ.மீ.க்கு 1g (பூமியின் இயல்பான ஈர்ப்பு) என்பது 4.53 காஸ் (காந்தப்புல அலகு) வித்தியாசத்துக்குச் சமம். இதையே அளவுகோலாக்கி, வேண்டுமென்றே காந்தச் சாய்வை (இரு சுவர்களின் புல வித்தியாசத்தை) இரு திசையிலும் 3g வரை மாற்றிப் பார்த்தார்கள். சாய்வு இல்லாதபோது சுமார் 80% கீழே வர வேண்டும். ஈர்ப்பை ஈடுகட்டும் திசையில் 1g கொடுத்தால் பாதிப் பாதி. ஒரே ஒரு அளவீடாக இருந்தால் உங்கள் சந்தேகம் நியாயம், வளைகோடு முழுவதும் பொருந்துவதுதான் சான்று.

பதில் 2:
கணக்கு சரி, பாடு முழுக்க அந்த 4.53 காஸில்தான். பின்னணிப் புலமே 1 டெஸ்லா, அதாவது 10,000 காஸ். மின்வழங்கி காட்டும் ஆம்பியரை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்: மீகடத்திக் (மின்தடை இல்லாத) கம்பியில் முந்தைய ஏற்ற இறக்கத்தின் மிச்சம் சுற்றிக்கொண்டே இருக்கும், புலம் மாறும்போது சுற்றியுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் வேறு. அதனால் புலத்தைப் பொறிக்குள்ளேயே அளக்கிறார்கள். சிறு எலக்ட்ரான் கொத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தி, நுண்ணலை பாய்ச்சி, எந்த அதிர்வெண்ணில் சூடாகிறது என்று பார்ப்பார்கள். டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். ஆக 1g-க்கு சுமார் 12.7 மெகாஹெர்ட்ஸ் நகரும். தாராளமாகப் பிரித்தறியலாம்.

இன்னொன்று, திறப்பதற்கு முன் மின்புலத் துடிப்பு கொடுத்து மிச்ச எதிர்ப்புரோட்டான்களை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை அழியும்போது வரும் பயான்களும் (அணுக்களை எண்ண உதவும் துகள்கள்) கணக்கில் சேர்ந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் அளந்த ஈர்ப்பு ஏன் 1g இல்லாமல் 0.75g?

பதில் 2:
0.75 ± 0.13 ± 0.16 (± என்பவை பிழை வரம்புகள்). 1 அதற்குள் வசதியாக அடங்குகிறது. மேலே தள்ளும் எதிர் ஈர்ப்புதான் அடிபட்டுப் போனது. இரண்டாவது பிழை கணினிப் பாவனையில் இருந்து வருவது. எலக்ட்ரான் கொத்து பொறியின் நடு அச்சில் மட்டுமே புலத்தை அளக்கும், அணுக்களோ அச்சை விட்டு விலகித் திரிபவை. அங்கே அணுக்களைப் பக்கவாட்டில் அடைக்கும் எண்முனைக் காந்தச் சுற்றில் உள்ள சிறு கோணல்களும் கணக்கில் வரும்.

பதில் 1:
அணுக்கள் குளிர்ந்தால் அச்சை ஒட்டியே இருக்கும். 121.6 நானோமீட்டர் லேசரால் எதிர் ஹைட்ரஜனைக் குளிர்விக்கலாம் என்று ஆல்ஃபா 2021-இலேயே காட்டிவிட்டது. 0.75 வந்த அளவீட்டில் அதைப் பயன்படுத்தவில்லை.