மறுமொழி: ஒளி இறைப்பிப் புரதம் சூடானால் நடப்பதற்கு என்ன சொல்?

குழுமத்தாருக்கு வணக்கம். ஒளியைக் கொண்டு புரோட்டானை இறைக்கும் பாக்டீரியோரொடாப்சின் என்ற புரதம் சூடாகும்போது நடப்பவற்றுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கும், என் சொற்களுக்கு இழையில் வந்த மறுப்புகளுக்கும் இது பதில்.

> புரதம் தன் வடிவம் குலைந்து இயல்பை இழக்கும் டினேச்சுரேஷனுக்கு ‘இயல்பிழத்தல்’ பாடநூலிலேயே இருக்கிறதே. புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா, நல்ல சொல்லும்கூட. முட்டை வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதற்கு அது போதும். பாக்டீரியோரொடாப்சினுக்குப் போதாது. அதைச் சூடாக்கினால் இரண்டு வேறு நிகழ்வுகள் இரண்டு வேறு வெப்பநிலைகளில் வருகின்றன. முதலாவதில் புரதம் தன் இயல்பை இழப்பதே இல்லை.

இந்த இழைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. உப்பு மிகுந்த நீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்ற நுண்ணுயிரின் சவ்வில் ஊதா நிறத் திட்டுகள் உண்டு. அவற்றில் இருக்கும் ஒரே புரதம் பாக்டீரியோரொடாப்சின்தான் என்று ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கனியஸ் என்ற ஆய்வாளர்கள் 1971-இல் எழுதினார்கள். 248 அமினோ அமிலங்கள், சவ்வை ஏழு முறை குறுக்கே கடக்கும் சுருள்கள், உள்ளே 216-ஆவது அமினோ அமிலமான லைசினோடு பிணைந்த, ஒளியை உறிஞ்சும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு. ஒளி பட்டால் ரெட்டினாலின் வடிவம் மாறுகிறது, புரதம் பல படிகளைக் கடந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. இது ஒரு சுற்று. சுற்றுக்கு ஒரு புரோட்டான் செல்லுக்கு வெளியே போகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும்.

ஊதாத் திட்டில் இந்தப் புரதங்கள் மும்மூன்றாகச் சேர்ந்து, அந்த மும்மைகள் அறுகோண ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒழுங்கு மீண்டும் வரும் இடைவெளி சுமார் 62 ஆங்ஸ்ட்ராம். இயற்கையே செய்து வைத்த இரு பரிமாணப் படிகம் என்று சொல்லலாம். 1975-இல் ஹெண்டர்சனும் அன்வினும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஏழு சுருள்களைக் காண முடிந்தது இந்த ஒழுங்கின் தயவால்தான்.

சரி, இப்போது நீரில் மிதக்கும் ஊதாச் சவ்வைச் சூடாக்குவோம். 80 டிகிரி செல்சியஸ் அருகே அந்த அறுகோண அடுக்கு கலைகிறது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் அடுக்கின் ஒழுங்கைக் காட்டிய கூர்மையான முகடுகள் மறைகின்றன. ஆனால் ஏழு சுருள்களும் இருந்தபடியே இருக்கும், ரெட்டினாலும் பிணைப்பை விடாது. ஆறவிட்டால் அடுக்கு திரும்பி வருகிறது. இன்னும் சூடாக்கி 100 டிகிரியை நெருங்கினால்தான் புரதத்தின் மடிப்பு அவிழ்கிறது. ஊதா போய் வெளிறிய மஞ்சள் மிஞ்சுகிறது. அப்புறம் எவ்வளவு ஆறவிட்டாலும் ஊதா திரும்பாது.

ஆகவே என் முன்மொழிவு: முதலாவதற்கு அணிகுலைவு, இரண்டாவதற்கு மடிப்பவிழ்வு. இயல்பிழத்தலை இரண்டாவதோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

> அணி என்றால் கணிதத்தில் மேட்ரிக்ஸ். குழப்பம் வராதா?

வராது என்றே நினைக்கிறேன். அங்கே எண்கள் வரிசையாக நிற்கின்றன, இங்கே மூலக்கூறுகள். அணிவகுப்பு என்ற சொல்லும் நம் வாயில் புழங்குகிறது. ‘படிக உருகல்’ என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். ஆங்கிலக் கட்டுரைகளிலும் உருகுதல் என்றே எழுதுகிறார்கள். ஆனாலும் மாணவருக்கு உருகல் என்றதும் பனிக்கட்டி நீராவதுதான் நினைவுக்கு வரும். புரதமே உருகிப்போனது என்று எடுத்துக்கொள்வார்.

அணிகுலைவு வேறு, கெட்டுப்போவது வேறு என்பதற்கு இன்னொரு வலுவான சான்று உண்டு. இதே புரதத்தை டைமிரிஸ்டாயில் பாஸ்ஃபாட்டிடைல்கோலின் என்ற செயற்கைக் கொழுப்பின் சவ்வில் பதித்தால், அணி குலைய 80 டிகிரி வேண்டாம். அந்தக் கொழுப்பு இளகும் 24 டிகிரி அருகிலேயே குலைந்துவிடும். அதற்குக் கீழே புரதங்கள் கூடி அணி வகுக்கின்றன, மேலே ஒவ்வொன்றும் தனியாக மிதக்கிறது. தனியாக மிதக்கும்போதும் புரோட்டானை இறைக்கிறது! நம் ஊர் அறை வெப்பத்தில், வேலை செய்துகொண்டிருக்கும் புரதத்தைப் போய் ‘இயல்பிழந்தது’ என்று எப்படி எழுத?

ஒரு வேடிக்கை: நீரை நீக்கி மெல்லிய ஏடாக உலர்த்தினால் 140 டிகிரி வரைக்கும் இது தாங்கும் என்று 1993-இல் கண்டார்கள். எனவே ‘80-இல் அணிகுலைவு’ என்று எழுதும்போது எந்தச் சவ்வு, எவ்வளவு ஈரம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

> பம்ப் = எக்கி என்று அகராதியில் உள்ளதே. ‘இறைப்பி’ ஏன்?

எக்கி என்றதும் வகுப்பில் பையன்கள் வயிற்றை எக்கிக் காட்டுகிறார்கள், அண்ணா. என்ன செய்ய! இறைத்தல் என்பது ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் சேர்ப்பது. புரோட்டானை வெளியே தள்ளும் பாக்டீரியோரொடாப்சினுக்கும், குளோரைடை உள்ளே கொண்டுவரும் ஹாலோரொடாப்சினுக்கும், சோடியத்தை வெளியேற்றும் கேஆர்2-க்கும் பொருந்துகிறது. இலங்கையில் ‘பம்பி’ நன்றாகவே வேரூன்றிவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. அயனியா அயனா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை.

குளிர்ப் பக்கத்துக்கும் ஒரு சொல் வேண்டும். புரதத்தை உறைய வைத்து ஒளியூட்டினால் சுற்று பாதியில் நின்றுவிடும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் கே என்ற இடைநிலையோடு நிற்கும். 170 கெல்வின் அளவில் எல் வரை போகும். 230 கெல்வினை ஒட்டி எம் வரை. வெப்பம் கூடக் கூடச் சுருள்கள் அசைய இடம் கிடைக்கிறது, அடுத்த படிக்குப் போகிறது. இதை உறைநிறுத்தம் என்கிறேன். ‘குளிர்ப்பொறி’ என்பது எலிப்பொறியைத்தான் நினைவூட்டுகிறது. உறைநிறுத்தத்தில் கிடைத்த உருவம்தான் அறை வெப்பத்திலும் இருக்குமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2016-இல் ஜப்பானின் சாக்லா எக்ஸ் கதிர் லேசரில், உறைய வைக்காமலேயே, 16 நானோநொடி முதல் 1.76 மில்லிநொடி வரை 13 கட்டங்களாகப் படம் எடுத்தார்கள். பாடம் எழுதுபவர்கள் இரண்டு முறைகளையும் பிரித்துச் சொன்னால் நல்லது.

கடைசியாக ஒன்று. இருட்டில் 60 டிகிரியைச் சுலபமாகத் தாங்கும் ஊதாச் சவ்வு, அதைச் சற்றே தாண்டியதும் வெளிச்சம் பட்டால் மீளமுடியாமல் கெடுகிறது. சுற்றின் நடுவே புரதம் இளகிய உருவங்களுக்குள் போவதால் அப்போது சூடு எளிதாக அதைக் குலைத்துவிடுகிறது என்பது விளக்கம். இதற்கு ஒளிக்குலைவு என்று வைத்திருக்கிறேன்.

> அணிகுலைவில் ‘க்’ இல்லை, ஒளிக்குலைவில் இருக்கிறது. ஏதாவது ஒன்றாக வையுங்கள்.

இரண்டும் சரிதான் ஐயா. அணி குலைகிறது, அது எழுவாய், நிலைகுலைவு போல ஒற்று மிகாது. ஒளி குலையவில்லை, ஒளியால் புரதம் குலைகிறது. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, மிகும்.

‘கொழுப்பு இளகும்’ என்று மேலே எழுதியது எனக்கே நிறைவாக இல்லை. இலங்கைப் பாடநூல்களில் ஃபேஸுக்கு ‘அவத்தை’ என்று எழுதுகிறார்களே, சவ்வுக் கொழுப்புக்கும் ‘அவத்தை மாற்றம்’ என்றே எழுதுவது அங்கே வழக்கமா? யாழ்ப்பாணத்திலிருந்து இந்த இழையைப் படிப்பவர்கள் சொன்னால் வரைவில் திருத்திவிடுகிறேன்.