கடலடியில் எதிர்ப்பட்டவை: சீனிக் கப்பல், கிளாத்தி, எம்டன்

பாகான் பையன்:

மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவில், கடலடியில் கிடக்கும் சீனிக் கப்பலுக்கு இறங்கிய கதையைச் சொல்லச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சரி, சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

அது சீனி ஏற்றி வந்து 2000ஆம் ஆண்டில் மூழ்கிய சரக்குக் கப்பல். சுமார் 90 மீட்டர் நீளம். 18 மீட்டர் ஆழத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. சீனி எப்போதோ கரைந்துவிட்டது, பெயரில் மட்டும்தான் மிச்சம்.

அன்றைக்கு நீரோட்டம் பலம். ஒரு கையால் மிதவைக் கயிற்றையும் மறு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு, காது அடைப்பை நீக்கி நீக்கி இறங்குகிறேன். நாலு மீட்டருக்கு மேல் கண் தெரியவில்லை. கப்பல் எங்கே, எங்கே என்று தேடிக்கொண்டே போனால் திடீரென்று முகத்துக்கு நேரே ஒரு சுவர். முழுக் கப்பலையும் பார்த்துவிடலாம் என்று கனவு கண்டு போனவனுக்கு ஒரு கதவளவுதான் கிடைத்தது. அதிலும் இரும்பு எங்கே தெரிகிறது? எல்லாம் சிப்பி.

பதற்றத்தில் அந்தச் சிப்பியின் மேல் கையை ஊன்றிவிட்டேன். கட்டைவிரல் கிழிந்தது. வலி தெரியவில்லை. ஆனால் விரலிலிருந்து பச்சையாக ஏதோ புகை கிளம்புகிறது. ஏதோ பூச்சி கடித்து விஷம் ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் என் ரத்தம்! சூரிய வெளிச்சத்தில் சிவப்பு மட்டும் அந்த ஆழத்துக்கு வந்து சேராது, தண்ணீர் வழியிலேயே குடித்துவிடும். டார்ச் அடித்தேன், சிவப்பு. அணைத்தேன், பச்சை. மறுபடி அடித்தேன். வழிகாட்டியாக வந்த மலாய்க்காரர், இவனுக்கு என்ன ஆயிற்று என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் என்றதும் சுறா ஞாபகம் வராமல் இருக்குமா? கப்பலுக்கு அடியில் எட்டிப் பார்த்தால் நிஜமாகவே மூன்று கிடக்கின்றன. மூங்கில் சுறா. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்த மாமாக்களாட்டம் ஒன்றின் மேல் ஒன்று வாலைப் போட்டுக்கொண்டு தூக்கம். என் ரத்தத்தை ஒன்றுகூடச் சட்டை செய்யவில்லை.

எனக்குத்தான் மூச்சு நிற்கவில்லை. 18 மீட்டரில் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் கரையில் இழுப்பதைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவான காற்றைத் தின்னும். காற்றுக் கலனில் 200 பார் அழுத்தத்தோடு இறங்கியவன் பதினைந்தாவது நிமிடத்தில் 80-க்கு வந்துவிட்டேன். மேலே போகலாம் என்று வழிகாட்டி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் கயிற்றில் தொங்கிவிட்டுப் படகேறினோம். இன்னொரு வழிகாட்டியோடு இருந்தவர்கள் அரை மணி நேரம் கழித்து வந்து, நான் போன கையோடு பெரிய சீலா மீன் கூட்டம் ஒன்று வந்ததாகச் சொன்னார்கள். எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

செந்தூல் அக்கா:

தம்பி, சுறாவை விடு. கடலில் எனக்கு ஒரே எதிரி கிளாத்தி மீன். அதிலும் அந்தப் பெரிய ஜாதி, முக்கால் மீட்டர் வரை வளருமே, அது. ரெடாங் தீவில் நான் போன நேரம் அது மணலில் குழி பறித்து, முட்டைக்குக் காவல் நின்றுகொண்டிருந்தது. ஒரு கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தது. அப்புறம் முதுகு முள்ளை நிமிர்த்தியது. அவ்வளவுதான், பாய்ந்துவிட்டது.

நான் மேலே ஓடினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அதன் எல்லை தரையோடு முடிவதில்லை. குழியிலிருந்து புனல் மாதிரி மேலே போகப் போக விரியும். அதாவது தப்பிப்பதாக நினைத்து அதன் வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறேன். தாழ்வாகப் பக்கவாட்டில் நீந்தியிருந்தால் விட்டிருக்கும். காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பில் இரண்டு கடி, அரை வட்டமாக, அச்சு எடுத்தாற்போல. வாடகைத் துடுப்பு வேறு, அறுபது வெள்ளி தண்டம் அழுதேன்.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னால், "அதுக்குத் தோலு தடிப்பா இருக்குமே, உரிச்சுட்டுத்தானே கொழம்பு வைக்கணும்" என்கிறார்.

ஆயர் ஈத்தாம் பெரியவர்:

எனக்கு நீச்சலே வராது. இருந்தாலும் மூழ்கிய கப்பல் என்றதால் எழுதுகிறேன். என் தாத்தா, தந்திரமான ஆளைப் பார்த்தால் "அவன் சரியான எம்டன்டா" என்பார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் அது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே எம்டன் அடுத்த மாதம் 28ஆம் தேதி விடியற்காலை நம்ம பினாங்குத் துறைமுகத்துக்கே வந்தது. பொய்யாக ஒரு புகைபோக்கியைக் கூடுதலாக நட்டு, பிரிட்டிஷ் கப்பல் வேஷம் கட்டிக்கொண்டு நுழைந்தது. ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்ப்பிடோ விட்டு மூழ்கடித்தது. ஜெம்சுக்கின் கேப்டன் அன்றிரவு கரையில் தங்கியிருந்தாராம்! செத்த மாலுமிகளுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் நினைவுக்கல் இருக்கிறது, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

ஃபெரியில் வரும்போதெல்லாம் அந்தத் தண்ணீரை எட்டிப் பார்ப்பேன். தே தாரே டீயின் நிறம். என்ன தெரியப்போகிறது?

அது இருக்கட்டும், சீனிக் கப்பலிலிருந்து ஒரு ஆணியாவது எடுத்து வந்தாயா தம்பி?

பாகான் பையன்:

இல்லை ஐயா, எடுக்கக் கூடாது. குவாந்தான் கரைக்கு அப்பால் 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த இடம். அந்தக் கப்பல்களையே பழைய இரும்புக்காக வெட்டிப் போயிருக்கிறார்கள். 2023-ல்தான் அப்படி வெட்டியதாகச் சந்தேகப்பட்ட ஒரு கப்பலை நம் கடல்சார் அமலாக்கத் துறை பிடித்து வைத்தது. நான் கொண்டுவந்தது கட்டைவிரல் தழும்பு ஒன்றுதான்.

அக்கா, நவம்பர் வந்தால் அந்தப் பக்கம் மழைக்காலம், தங்குமிடங்களை மூடிவிடுவார்கள். மார்ச்சில் மறுபடி, பெர்ஹெந்தியானுக்குப் படகேறும் கோலா பெசுட் போகிறேன். என் காரில் இரண்டு இடம் இருக்கிறது. துடுப்பு மட்டும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள்.